சிவப்பு ஒட்டுப் போட்ட ஜீப்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைத் தேடி ஏமாந்த வாசகர்கள் மொத்தம் நான்கு பேர். போஸ்ட் கார்டுகளை எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் ஒருவர், 'உயிரோடு இருக்கிறீர்களா?' என்று கேட்டிருக்கிறார். அக்கறைக்கு நன்றி. இருக்கிறேன்.

எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். தபால் பைதான் கள்ளக்குறிச்சியை விட்டு நகரவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம்... சாலையெல்லாம் மரம். இங்கிருந்து தியாகதுருகம் வரைக்கும் மட்டும் புளியும் வேம்புமாக முப்பத்தொரு மரங்கள் குறுக்கே படுத்திருந்தன. எண்ணியது பால்காரர், ஒவ்வொரு மரத்துக்கும் சைக்கிளைத் தூக்கி வைத்தபடி. எண்ணச் சொன்னது நான்.

பஸ் இல்லை. பேப்பர் இல்லை. பால் கம்மி. எதைக் கேட்டாலும் ஊரில் ஒரே பதில்தான் — 'மரம் வெட்டிப் போட்டுட்டாங்க இல்ல?' ரிப்பேருக்குக் கொடுத்த மூக்குக்கண்ணாடி ஏன் வரவில்லை என்று கேட்டேன். அதற்கும் மரம்தான் காரணமாம். கண்ணாடிக் கடை எங்கள் தெருவிலேயே இருக்கிறது!

அந்த வாரத்தில்தான் கலியமூர்த்தி காணாமல் போனான்.

கலியமூர்த்தி கச்சிராயபாளையம் பக்கத்துப் பையன். கரும்பு விவசாயக் குடும்பம். வயது இருபத்திரண்டு. கடமைகள்: டிராக்டர் ஓட்டுவது, படம் பார்ப்பது. சாலை மறியல் தொடங்குவதற்கு முந்தைய நாள் கள்ளக்குறிச்சிக்கு வந்தான். காதர் பாய் தையல் கடையில் சட்டைக்கு அளவு கொடுத்தான். பிறகு அந்தக் கடையில் காஜா எடுக்கும், அதாவது பட்டனுக்குத் துளை தைக்கும், ஏழுமலையை அழைத்துக்கொண்டு செகண்ட் ஷோ போனான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். ஒருவன் ஊருக்குள், ஒருவன் காலனியில். படம் பார்க்கும்போது மட்டும் பக்கத்துப் பக்கத்து சீட்.

மறுநாள் காலை ஏழுமலை வேலைக்கு வந்தான். கலியமூர்த்தி வீட்டுக்குப் போகவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காதர் பாய் கடையில் மாலை நேரத்தில் ஒரு துப்பறியும் நிறுவனம் இயங்குகிறது. போர்டு கிடையாது. உறுப்பினர்கள் மூன்று பேர். காதர் பாய், பக்கத்துக் கடையில் வாடகை நூலகம் நடத்தும் சரோஜாம்மா, நான். சரோஜாம்மாவிடம் இருக்கிற மர்ம நாவல்கள் நானூற்றுப் பன்னிரண்டு. மூவரும் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டோம். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே சொல்லி, வாடகைக்கு எடுக்க வரும் மற்றவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது எங்கள் பொழுதுபோக்கு.

இதுவரை நாங்கள் கண்டுபிடித்த நிஜக் குற்றம் ஒன்றே ஒன்று. சரோஜாம்மா வீட்டுக் கோழி. அதுவும் தானாகவே திரும்பி வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் வயல் வழியாக மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு டிராக்டர் கடை வாசலில் நின்றது. இறங்கியவர் கோவிந்தன். கலியமூர்த்தியின் பெரியப்பா. ஆறடிக்குக் குறையாத ஆள். பின்னால் டிரெய்லரில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இறங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கடா எங்க புள்ள?"

ஏழுமலை கையில் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றான். அதைக் கீழே வை, கீழே வை என்று என் மனம் அடித்துக்கொண்டது. காதர் பாய்தான் மெதுவாக வாங்கி வைத்தார்.

"நான்தான் சொன்னேனுங்களே... படம் வுட்டப்புறம் பஸ் ஸ்டாண்டாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தோம். ஒரு மலை ஜீப்பு நின்னுக்கினு இருந்திச்சி. அவங்களுக்கு ஒரே அவசரம். 'விடியறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும், ஏறு ஏறு'ன்னு கத்திக்கினு இருந்தாங்க. இவன், 'டேய், மலையப் பாத்துட்டு வரேன்டா, காலையில எறங்கிடறேன்'னு பின்னாடி தொத்திக்கினான். நான் போவல."

"எந்த ஊரு ஜீப்பு?"

"தெர்லீங்க."

"பாத்தியா? தெர்லியாம்! நாங்களும் நாலு நாளா அடிவாரத்துல நின்னு பாத்துக்கினுதான் கீறோம். அப்படி ஒரு ஜீப்பு ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. மலை ரோட்டுல ஒரு மரம்கூட வெட்டல. அவனுக்கு இன்னா, காலு இல்லியா? நடந்தே வந்திருக்க மாட்டானா?"

கேள்வி நியாயமானதுதான். 

"ஸ்டேஷன்ல கேட்டீங்களா?" என்றார் காதர் பாய்.

"கேட்டோம். புடிச்சவங்கள்ல அவன் இல்லியாம். போலீஸ்காரங்க எல்லாம் ரோட்ல நிக்கிறாங்க, எங்கள யாரு பாக்குறது?" கோவிந்தன் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள்ள புள்ள வூடு வந்து சேரணும். இல்லன்னா நாங்க காலனிக்கு வருவோம்."

டிராக்டர் போய்விட்டது. புகை போகவில்லை.

'காலனிக்கு வருவோம்' — இரண்டே வார்த்தை. ஊர் சாதாரணமாக இருக்கும்போது அது கோபம். ஊர் கொதித்துக்கொண்டிருக்கும்போது? ஒவ்வொரு வீட்டிலும் அரிவாள் கூர்மையாக இருக்கிற வாரம் அது. மரம் வெட்டத்தான். ஆனாலும் அரிவாள் அரிவாள்தானே! ஏழுமலை ஆறு நாளாக வீட்டுக்கே போகவில்லை. கடையில் வெட்டுத் துணிகளின் மேல் படுத்துக்கொள்கிறான். காலனியில் கூரை வீடுகள் நாற்பத்தாறு. ஒரு தீக்குச்சிக்கு மேல் தேவையில்லை.

ஏழுமலை உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்தான். கலியமூர்த்தியின் சட்டை. தைத்து முடித்தாயிற்று, காஜா மட்டும் பாக்கி. நூல் ஊசியில் ஏறவில்லை. 

நிறுவனம் உடனே கூடியது.

"கடைசியாப் பாத்தவன் மேலதான் சந்தேகம் வரும்" என்றார் சரோஜாம்மா. "ஆனா கடைசி அத்தியாயத்துல அவன் நிரபராதி. அது ரூல்."

"கடைசி அத்தியாயம் நாளைக்கு சாயங்காலம்மா" என்றேன். எனக்குக் கவலை வந்தால் வாய் நிற்காது. மலைப் பாதையில் உருண்டிருப்பானோ, கோமுகி அணையில் விழுந்திருப்பானோ, ஓடை தாண்டும்போது வெள்ளம் வந்திருக்குமோ, பாம்போ, கரடியோ...

காதர் பாய் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி மேஜையில் வீசினார். "இன்னா சார் நீங்க! இருக்கிற ஒரு புள்ளைய பதினோரு வாட்டி கொன்னுட்டீங்க!"

எண்ணியிருக்கிறார் மனுஷன். என் சகவாசம்.

"சரி பாய், நீங்க சொல்லுங்க."

"பொண்ணு விஷயம்."

"உங்களுக்கு எல்லாமே பொண்ணு விஷயம். எங்க வூட்டு கோழி காணாம போனப்பவும் அதான் சொன்னீங்க!" என்றார் சரோஜாம்மா.

"அது சேவல் விஷயம்மா. நான் சொன்னது தப்பா?"

அத்தனை துக்கத்திலும் ஏழுமலை சிரித்துவிட்டான். சிரித்தவன் சட்டென்று சொன்னான்: "அந்த ஜீப்பு தார்ப்பாயில ஒரு ஒட்டு போட்டிருந்திச்சி சார். பின்னாடி. சிவப்புத் துணி."

காதர் பாய் தலையை உயர்த்தினார். "எவ்ளோ பெரிசு?"

ஏழுமலை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"ஓரம் டபுள் தையலா?"

"அதெல்லாம் பாக்கலீங்க பாய்."

"பாக்க வேணாம். அது நான் போட்ட ஒட்டு! மழைக்கு முன்னாடி நெல்லிப்பாறை டிரைவர் அவசரமா வந்தான். காக்கித் துணி இல்ல. சிவப்புதான் இருந்திச்சி. 'போடு பாய், மலையில யாரு பாக்கப்போறா'ன்னான்." பாய் ஏழுமலையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "ஏன்டா, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நீ அன்னிக்கு லீவு, அதான் உனக்குத் தெர்ல!"

ஜீப் இருக்கிறது. ஊர் நெல்லிப்பாறை. ஏழுமலை பொய் சொல்லவில்லை.

ஆனால் சரோஜாம்மா விடவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு நாவல் படித்தவர் அல்லவா? "ஜீப்பு இருக்குது சரி. அது ஏன் இன்னும் கீழ எறங்கல? டெய்லி வர்ற ஜீப்பு சார் அது. மலை ரோட்ல மரமே வெட்டலன்னு அவரே சொல்லிட்டாரே?"

அந்த இடத்தில்தான் எனக்குச் சீத்தாப்பழம் ஞாபகம் வந்தது.

சந்தை நாளில் நான் தவறாமல் போவேன். மலைக்காரப் பெண்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து பழத்தைக் கூறு கட்டி விற்பார்கள். பன்னிரண்டு பேர். இந்த வாரம் எட்டு பேர்தான். நான் வழக்கமாக வாங்கும் அம்மா இல்லை. அந்த அம்மாவுக்கும் எனக்கும் வாராவாரம் சண்டை நடக்கும். கூறில் ஒன்று குறைகிறது என்பேன், எண்ணிப் பாருங்க என்பார், எண்ணியதால்தான் சொல்கிறேன் என்பேன். இந்த வாரம் அந்த நான்கு இடமும் காலி. 'மரம் வெட்டிப் போட்டுட்டாங்க இல்ல' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? என்னிடம்தான் பதில் தயாராக இருந்ததே!

"மத்த எட்டு பேர் மட்டும் எப்படி வந்தாங்க?" என்று இப்போது கேட்டேன். "கட்டை வண்டியிலயும் தலைச்சுமையாவும் வந்தாங்க. அப்போ வராதவங்களுக்குக் காரணம் மரம் இல்லை."

"வராத நாலு பேரும் எந்த ஊரு சார்?" என்றார் சரோஜாம்மா.

"நெல்லிப்பாறை. நாலு பேரும்."



ஜீப் வரவில்லை. பழக்காரப் பெண்கள் வரவில்லை. கலியமூர்த்தி வரவில்லை. மூன்றும் ஒரே ஊர். எல்லாரும் ஆறு நாளாக ஒரு பையனைத் தேடிக்கொண்டிருந்தோம். காணாமல் போனது பையன் இல்லை, ஐயா... ஒரு முழு ஊர்!

ஒரு முழு ஊர் எப்போது வெளியே வராது? விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று எப்போது அலறி அடித்துக்கொண்டு ஓடுவார்கள்?

மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தோம். ஆனால் சொன்னது ஏழுமலை.

"காப்பு கட்டிட்டாங்க சார்!"

நம் பக்கத்தில் தெரியாதவர்கள் உண்டா? கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த நேரத்தில் ஊருக்குள் இருந்தவர் யாராக இருந்தாலும் திருவிழா முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாது. விருந்தாளியானாலும் சரி, வழிப்போக்கனானாலும் சரி. எல்லாருக்கும் தெரியும். பிறகு ஏன் யாருக்கும் தோன்றவில்லை? நமக்குக் காப்பு ஆடியோடு முடிந்துவிட்டது. மலைக்காரர்கள் நம் காலண்டரையா பார்க்கிறார்கள்? அவர்களுக்குச் சாமை விளைந்தால் திருவிழா.

கைக்கு ஒரு பெரிய காரணம் கிடைத்துவிட்டால் போதும். சின்னக் காரணங்களெல்லாம் அதற்குப் பின்னால் நிம்மதியாக ஒளிந்துகொள்கின்றன. அந்த வாரம் எல்லாமே மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன. என் மூக்குக்கண்ணாடி உட்பட.

வெள்ளிக்கிழமை காலை கோவிந்தன் வீட்டுக்குப் போனோம். ஏழுமலையோடு. அவனை விட்டுவிட்டு வந்தால் ஓடிவிட்டான் என்பார்கள்.

கோவிந்தன் முழுக்கக் கேட்டார். மீசையைத் தடவினார். "மலைக்குப் போனா அவன் இருப்பான்ங்கிறீங்க?"

"இருப்பான்."

"இல்லன்னா?"

 நான் கரும்பு ஆலையில் எடைமேடைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். வீரன் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். "இல்லன்னா காலனிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க தெருவுக்கு வாங்க. என் வீடு மூணாவது வீடு."

கோவிந்தன் என்னையே பார்த்தார். "எடைமேடை சாரு... எத்தினி வருசம் உங்ககிட்ட கரும்பு போட்டிருப்பேன்! ஒரு வாட்டி கூட உங்க கணக்குல தப்பு பாத்ததில்ல. ஏறுங்க."

சரோஜாம்மா ஏற்கெனவே டிரெய்லரில் உட்கார்ந்திருந்தார். நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். "க்ளைமாக்ஸுக்கு நான் இல்லாமலா?"

ஊர் முனையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. கோவிந்தனே நின்று வெட்ட வைத்தது. அவரே இறங்கி, ஆள் கூட்டி, கயிறு கட்டி, டிராக்டரால் இழுத்து ஓரத்தில் போட்டார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. காதர் பாய்க்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது.

மலை ஏற ஏற என் கணக்கு மேல் எனக்கே நம்பிக்கை இறங்கியது. பழக்காரப் பெண்களுக்குக் காய்ச்சலாக இருந்தால்? ஜீப் ரிப்பேராக இருந்தால்? அவன் ஏறிய ஜீப் நெல்லிப்பாறைக்கே போகாமலிருந்தால்? வாயைத் திறந்தால் காதர் பாய் திட்டுவார் என்று கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பாதியில் விட்டுப்போயிற்று. நான் எண்ணிக்கையைத் தவறவிட்டது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

கடைசி வளைவு திரும்பியதும் பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிறு நிறைய வேப்பிலை.

அதற்கு அந்தப் பக்கம் ஜீப். தார்ப்பாயில் சிவப்பு ஒட்டு. டபுள் தையல்.

"என் கைவேலை!" என்று காதர் பாய் கத்தினார்.

பம்பைச் சத்தம் நின்றது. கூட்டத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான். இடுப்பில் மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய குங்குமம், கையில் தண்ணீர்க் குடம். எங்களைப் பார்த்து, வேப்பிலைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்டான்.

"பெரியப்பா! நீங்க எப்படி இங்க?"

ஏழுமலை டிரெய்லரில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சரோஜாம்மா அவன் தலையில் கை வைத்தார்.

கோவிந்தன் கயிறு வரைக்கும் நடந்தார். கை தானாக ஓங்கியது. அப்படியே நின்றது. கலியமூர்த்தியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. காப்புக் கட்டிய உடம்பின் மேல் கை வைக்க முடியுமா? ஆடி மாதம் தன் ஊரில் காப்புக் கட்டி நிற்பவர் அவர். அவருக்குத் தெரியாதா?

"ஏறுடா வண்டியில" என்றார். குரல் உடைந்திருந்தது.

"எப்படி பெரியப்பா? ஜீப்ல தூங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா ஊரே கோயிலாண்ட நின்னுக்கினு இருக்குது. வேடிக்கை பாக்கப் போனேன். எனக்கும் சேத்து கட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமைதான் அவுப்பாங்க. சொல்லி அனுப்பலாம்னா கீழ போறதுக்கு ஒரு ஆளு இல்ல."

"உனக்கு இங்க சோறு, குங்குமம். அங்க உன்னால ஒருத்தன் உசுரு போயிருக்கும்டா!"

கலியமூர்த்திக்கு அப்போதுதான் ஏழுமலை கண்ணில் பட்டான். முகம் வெளுத்தது. "டேய்... இன்னாடா ஆச்சி?"

ஏழுமலை முகத்திலிருந்து கையை எடுத்தான். வேப்பிலையைத் தாண்டி ஒரு பார்வை பார்த்தான். அதில் மகிழ்ச்சியும் இருந்தது, கொலைவெறியும் இருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அட, எண்ணுற அய்யா! பழத்துக்கு இம்மாந் தூரம் வந்துட்டீங்களா?" என் பழக்கார அம்மா. நான் ஏன் கண்ணைத் துடைத்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

திரும்பும்போது கோவிந்தன் டிராக்டரில் ஏறினார். டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தார். "டேய் ஏழுமல. இங்க வா." தன் பக்கத்து மட்கார்டைத் தட்டினார். "இப்படி குந்து."

அந்த இடத்தில் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான் உட்காருவார்கள். ஏழுமலை தயங்கினான். "குந்துடான்னா!"

கச்சிராயபாளையம் வந்தது. கடைத்தெருவில் அத்தனை பேரும் பார்த்தார்கள். கோவிந்தன் வேகத்தைக் குறைத்து, ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். கள்ளக்குறிச்சி வந்தும் எங்களை இறக்கிவிடவில்லை. நேரே காலனி.

டிராக்டர் சத்தம் கேட்டுச் சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்புறம்தான் மட்கார்டில் ஏழுமலையைப் பார்த்தார்கள். ஏழுமலையின் அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

கோவிந்தன் இன்ஜினை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை காலனிக்கு வருவேன் என்றாரே — வந்தார்.

"எங்க புள்ள கெடச்சிட்டான்" என்றார் ஊருக்கே கேட்கும்படி. "உன் புள்ள சொன்னது அத்தினியும் நெசம்மா. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

அந்த அம்மா அழுதுகொண்டே கேட்டார்: "டீ போடட்டுங்களா?"

கோவிந்தன் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியை நான் எண்ணினேன். "போடு" என்றார்.

குடித்தார். நாங்களும் குடித்தோம். காலி டம்ளர்கள் ஐந்து. வெற்றி என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், சர்க்கரை தூக்கலாக இருக்கும் என்பேன்.

திங்கட்கிழமை கலியமூர்த்தி கடைக்கு வந்தான். கையில் ஒரு மூட்டை சீத்தாப்பழம். ஏழுமலை முகத்தைப் பார்க்காமல் சட்டையை எடுத்து நீட்டினான். கலியமூர்த்தி அங்கேயே போட்டு பட்டன்களை மாட்டினான். மொத்தம் ஏழு பட்டன். ஆறுதான் மாட்ட முடிந்தது. நெஞ்சுக்கு நேராக இருந்த பட்டனுக்குக் காஜாவே இல்லை.

"டேய், இதோட காஜா எங்கடா?"

ஏழுமலை ஊசியில் நூலைக் கோத்தபடி, நிமிராமலே சொன்னான்:

"மலையப் பாக்கப் போயிருக்குது. காலையில எறங்கிடும்."